மாடியில சக்கரம், கீழ மோட்டார்

கொஞ்சம் நில்லுங்க அம்மணி. படியேறாதீங்க, இப்பத்தான் கழுவி உட்டிருக்குது, வழுக்கும். சக்கர வகுப்புக்குத்தானே வந்தீங்க? மாடிதானுங்க. ஆனா ஆறு மணிக்குத்தான் தொறப்பான். இப்பிடி வந்து உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் இருக்கும். சேலையில பட்டா போகாது. இந்தச் சேர்ல உக்காருங்க.

நான் கடைக்காரனுங்க. போர்டுல சென்னியப்பன் மோட்டார்ஸுன்னு பாத்திருப்பீங்க, அந்தச் சென்னியப்பன் நாந்தான். பல்லடம் சுத்துவட்டாரத்துல கெணத்து மோட்டாரோ போர் மோட்டாரோ எது நின்னாலும் இங்கதான் வரும். மேல வகுப்பு நடத்தறானே திருமூர்த்தி, அவன் என்ற மச்சினன். என்ற ஊட்டுக்காரி துளசிமணிக்குக் கூடப்பொறந்த தம்பி. கட்டடம் என்னுது, வகுப்பு அவனுது.

உங்களுக்கு என்னங்க தொந்தரவு? தூக்கமில்லையா. செரி. போன வாரம் ஒருத்தர் கை மரமரப்புன்னு வந்தாரு. அதுக்கு முன்னால ஒரு டீச்சரம்மா, பையன் பேச்சுக் கேக்கறதில்லைன்னு வந்தாங்க. பையன் பேச்சுக் கேக்காததுக்கு அம்மாவுக்குச் சக்கரம் சுத்தறானுங்க இவன். எல்லாத்துக்கும் ஒரே வைத்தியந்தான். செகப்பு நினைங்க, மஞ்சள் நினைங்க, நீலம் நினைங்கம்பான். அதுக்குப் பெயிண்ட் கடையில போய் உக்காந்திருந்தா ஆகாதா?

நான் பொறாமையில பேசலீங்க. என்னை அவன் ஏமாத்திட்டான், அதைச் சொல்றேன். கேட்டுப்போட்டு மேல போறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

திருமூர்த்தி நல்ல பையந்தான். ஒரு எடத்துல நிக்கமாட்டான், அவ்வளவுதான். எல்லாரும் ஈமுக்கோழி வளத்தப்ப அவனும் வளத்தான். அது போச்சு. அப்பறம் சோப்பு காச்சினான், வேப்பெண்ணெய் சோப்பு. நானே ஒண்ணு வாங்கித் தேச்சேன், நொரையே வரலை. அப்பறம் ஒரு நாள் ரிசிகேசம் போறேன்னு போனான். திரும்பி வர்றப்ப தாடியோட வந்தான். பேச்சுக் கொறைஞ்சு போச்சு. மொகத்துல ஒரு சிரிப்பு, எதுக்குன்னே தெரியாது. துளசிமணி கெஞ்சினா, "தம்பிக்கு மாடியைக் குடுங்க, சும்மாதானே கெடக்குது"ன்னு. குடுத்தேன்.

ஒரு நாள் இங்கதான், நீங்க உக்காந்திருக்கற எடத்துல உக்காந்துட்டு எனக்குச் சக்கரம் சொல்லிக் குடுத்தான். முதுகுத்தண்டுல கீழயிருந்து மேல வரைக்கும் ஏழு எடமாமா. அடியில மூலாதாரம், அதுக்கு மேல சுவாதிட்டானம். தொப்புளுக்கு நேரா மணிபூரகம். நெஞ்சுல அநாகதம், தொண்டையில விசுத்தி, புருவத்துக்கு நடுவுல ஆக்கினை, உச்சந்தலையில சகஸ்ராரம். அடியில கெடக்கற சக்தி ஒவ்வொண்ணா ஏறி உச்சிக்குப் போகோணுமாமா. நடுவுல எங்க அடைச்சுக்குதோ அங்க சீக்காமா.

நான் சிரிச்சுப்போட்டேன். "ஏ மாப்ளை, இதுக்கா ரிசிகேசம் போனே? என்ற கடையில நின்னிருந்தா நானே சொல்லியிருப்பனே. இது ஏழு ஸ்டேஜ் மோட்டார்டா"ன்னேன். உங்களுக்குத் தெரியாதில்லீங்க, போர் மோட்டாருக்கு உள்ள தட்டுத் தட்டா அடுக்கியிருக்கும். அதுக்கு ஸ்டேஜுன்னு பேரு. அடித்தட்டு தண்ணியை அள்ளி அடுத்த தட்டுக்குத் தள்ளும், அது அடுத்ததுக்குத் தள்ளும். நடுவுல ஒரு தட்டுல மண்ணு ஏறிப்போச்சுன்னா மேல பைப்புல காத்துதான் வரும். அவன் வாயைத் தொறந்துட்டுக் கேட்டான்.

நான் கேலிக்குச் சொன்னதுங்க அது. அடுத்த ஞாயித்துக்கெழமை மேலயிருந்து மைக்குல கேக்குது, "மனுச உடம்புங்கறது ஏழு ஸ்டேஜ் மோட்டார் மாதிரி"ன்னு. சனமெல்லாம் கை தட்டுது. என்ற பேரைச் சொன்னானா? சொல்லலை. நீங்களும் இன்னைக்குக் கேப்பீங்க. கேக்கறப்ப இது கீழ்க்கடைக்காரர் சொன்னதுன்னு நினைச்சுக்குங்க, போதும்.

செரி, விசயத்துக்கு வர்றேன்.

எனக்கு ரெண்டு வருசமா வயித்தெரிச்சலுங்க. எரிச்சல்னா நெஞ்சுக்குழி வரைக்கும் தீ ஏறும். சோறு தின்னாலும் எரியும், திங்காட்டியும் எரியும். கோயமுத்தூருல கேமரா உட்டுப் பாத்தாங்க. புண்ணு கிண்ணு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, "கோவத்தைக் கொறைச்சுக்குங்க"ன்னாரு டாக்டரு. நான் என்னைக்கிங்க கோவப்பட்டிருக்கறேன்? என்ற ஊட்டுல கேட்டுப்பாருங்க. அன்னைக்கு அந்த டாக்டர் மேலதான் கொஞ்சம் வந்துச்சு.

துளசிமணிதான் புடிச்சுக்கிட்டா. "ஏனுங்க, ஒருக்கா மேல ஏறித்தான் பாருங்களேன், தம்பி என்ன ஊசியா போடப் போறான்"னா. நான் மாட்டேன்னேன். அவ ஒண்ணுஞ் சொல்லமாட்டா, அது அவ கொணம். ஆனா சோத்தைப் போட்டுப்போட்டு மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா. எத்தனை நாளைக்குங்க தாங்கறது.

கடைசியில திருமூர்த்தியே எறங்கி வந்தான். என்ற முதுகுக்குப் பின்னால நின்னுட்டு, தொடாம, காத்துல கையை இப்பிடி மேலயும் கீழயும் கொண்டு போனான். நான் அப்ப ஒரு மோட்டாருக்குக் காயில் சுத்திட்டிருந்தேன். "மாமா, மணிபூரகம் எரியுதுங்க"ன்னான். "அது எனக்கே தெரியுமே"ன்னேன். "ஆனா கோளாறு அங்க இல்லீங்க. அதுக்கு மேல, அநாகதத்துல அடைப்பு. மேல அடைச்சதால கீழ எரியுது"ன்னான்.

அம்மணி, அந்தப் பேச்சுல நான் மாட்டிக்கிட்டேன். ஏன்னா அது தொழில்ல நெசம். மேல டெலிவரி பைப்பு அடைச்சிருந்தா கீழ மோட்டார் சூடாகும். கஸ்டமரு மோட்டாரைத்தான் திட்டுவாரு. மோட்டாருல ஒண்ணுமிருக்காது. எத்தனை பேருக்கு நான் இதைச் சொல்லியிருப்பேன். என்ற வித்தையை என்கிட்டயே காட்டறான் பாருங்க. செரி, வந்து தொலைக்கறேன்னுட்டேன்.

இருங்க, ஆளு வந்திருக்குது. ஏனுங்க, அந்த வால்வு இன்னும் வரலீங்க, நாளைக்கு வாங்க. இல்லீங்க, நாளைக்கு கண்டிப்பா வந்துரும். ஆமாங்க.

எங்க உட்டேன்? வகுப்பு. ஞாயித்துக்கெழமை காலையில. ஜமுக்காளத்துல வரிசையா உக்காந்திருக்கறாங்க, நான் போயி செவுத்தோரமா உக்காந்தேன். பூரா நம்ம கஸ்டமருங்க. மோட்டார் கேக்க வந்தா என்ன வாயடிப்பாங்க, இங்க கண்ணை மூடிட்டு அடக்கமா இருக்கறாங்க. எனக்குச் சிரிப்பாணி வந்துச்சு. ஒரு தட்டத்துல சாம்பிராணி போட்டு மூலையில வெச்சிருந்தான். இதை நல்லா ஞாவகம் வெச்சுக்குங்க. சாம்பிராணி என்ற பக்கத்து மூலையில இருந்துச்சு.

மணி அடிச்சான். மூலாதாரம், செகப்பு நினைங்கன்னான். நினைச்சேன். ஆரஞ்சு நினைங்கன்னான், நினைச்சேன். மஞ்சள் நினைச்சேன். ஒண்ணும் ஆகலை, கால்தான் மரத்துச்சு. அப்பறம் நெஞ்சுல கையை வெச்சு, "பச்சை நினைங்க. எந்தப் பச்சையா இருந்தாலும் செரி, தானா வர்ற பச்சை"ன்னான். எனக்கு முதல்ல எர்த் ஒயருதான் வந்துச்சு. நாப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கறவனுக்கு வேற என்ன பச்சை வருமுங்க? எர்த் ஒயரையே நினைச்சிட்டிருந்தேன்.

அப்பறம் பாத்தா தென்னமட்டை. எங்கப்பன் தோப்பு. நானும் எங்கண்ணனும் சின்னதுல தண்ணி ஊத்துன தென்னம்பிள்ளைக. அண்ணன் எனக்கு ஏழு வயசு மூப்பு. அவரு ரெண்டு கொடம், நான் ஒரு செம்பு. செம்புத் தண்ணியை நான் போற வழியிலேயே சிந்திப்போடுவேன், அவரு கொடத்துல இருந்து ஊத்தி ரொப்பித் தருவாரு, நானும் ஊத்தினேன்னு அப்பன்கிட்டச் சொல்றதுக்கு. அது எதுக்கு அப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை. மரத்துக்கு மேல பாக்கறேன், மட்டையெல்லாம் தொங்கிப்போயிக் கெடக்குது.

அந்த நேரத்துல பாத்து சாம்பிராணிப் புகை என்ற பக்கம் திரும்பிருச்சுங்க. கண்ணுல தண்ணி. சாதாரணமா வரலை, ஊத்துது. மூக்கு ஒழுகுது, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது. எனக்குப் புகை ஆகாதுங்க, சின்ன வயசுல இருந்தே ஆகாது. பக்கத்துல இருந்த அரிசி மில்லுக்காரர் கண்ணைத் தொறந்து பாக்கறாரு. நான் எந்திரிச்சு எறங்கி வந்துட்டேன். அநாகதத்தோட சரி, மேல மூணு சக்கரம் நான் பாக்கவே இல்லை.

அதுக்கு இவன் மைக்குல என்ன சொன்னான் தெரியுமுங்களா? "மாமாவுக்குத் தொறந்துருச்சு"ன்னான். இங்க கீழ வரைக்கும் கேக்குது. ரெண்டு வாரம், ரோட்டுல பாக்கறவனெல்லாம் "தொறந்துருச்சாமா"ன்னு கேட்டான்.

எங்கண்ணனைப் பத்திச் சொல்லலீன்னா உங்களுக்கு மிச்சம் வெளங்காது. அவரு பேரு நாச்சிமுத்து. பொங்கலூருக்கு அக்கட்ட தோப்பு. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லாம ஒரு பத்து வருசம் இருக்கும். தப்பு அவருதுங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. சொந்தத் தம்பி மோட்டார் கடை வெச்சிருக்கறான், அவரு தாராபுரம் போயி எவன் கடையிலயோ மோட்டார் வாங்கி எறக்கறாரு. ஊரு சிரிக்காதா? ஒரு பொறந்தவன் இப்பிடிச் செய்யலாமா?

என்ன காரணம்னு கேக்கறீங்களா? காரணமே இல்லீங்க. அதுக்கு முன்னால அவரு மக நிச்சயத்துல ஒரு பேச்சு வந்துச்சு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க, கெணத்துல தண்ணி எப்பிடீன்னு கேட்டாங்க. "தண்ணி இருக்குதுங்க, தம்பி கடையில பெரிய மோட்டாரா எடுத்து எறக்கப்போறோம்"ன்னாரு அண்ணன். நான் சும்மா இல்லாம, "அண்ணன் கெணத்துக்கு மோட்டாரெதுக்கு, ஒரு வாளி போதும். அதுவும் பாதி வாளிக்குத்தான் தண்ணி வரும்"னேன். பந்தலே சிரிச்சுது. நல்ல வெளையாட்டுப் பேச்சுங்க அது, டக்குனு வந்துச்சு. அண்ணனும் சிரிச்சாப்லதான் இருந்துச்சு.

அந்த மாசமே போர் போட்டு தாராபுரத்து மோட்டார் எறக்கினாரு. நான் கல்யாணத்துக்குப் போகலை. துளசிமணியையும் போகக்கூடாதுன்னுட்டேன். ஊட்டுல அவரு பேரை யாரு எடுத்தாலும் நான் சோத்து வட்டலை அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சுருவேன். ரெண்டு மூணு தடவை எந்திரிச்சேன், அப்பறம் யாரும் எடுக்கறதில்லை. நான் ஒண்ணும் சத்தம் போட்டதில்லீங்க.

இந்த வகுப்புக்கு ஒரு வாரம் முன்னால தேங்கா யாவாரி ஒருத்தரு சொன்னாரு, அண்ணன் தோப்புல மோட்டார் எரிஞ்சு போச்சு, தாராபுரத்துக்காரன் இன்னைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு இழுக்கறான், குலையெல்லாம் கொட்டுதுன்னு. எனக்கு அன்னைக்குச் சந்தோசந்தான். மறைக்கறதுக்கு என்ன இருக்குது. நல்லா வேணும்னேன்.

திங்கக்கெழமை காலையில, அதாவது அந்தச் சாம்பிராணிக்கு மறுநாள், எனக்குப் பொங்கலூர்ப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு. என்ன சோலின்னு இப்ப ஞாவகமில்லை. டெம்போவுல மோட்டார் தூக்கற முக்காலி, கப்பி, கயிறு, ஒரு புது மோட்டாரு எல்லாம் ஏத்திக்கிட்டேன். எதுக்கும் இருக்கட்டும்னு. பட்டறை ஆளு ஒருத்தரும் கூட வந்தாரு. போற வழியில தோப்பு. செரி, வண்டி போயிருச்சு உள்ள. அதுக்கும் வகுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீங்க முடிச்சுப் போட்டுறாதீங்க. திருமூர்த்தி அப்பிடித்தான் முடிச்சுப் போடறான்.

அண்ணன் வேப்பமரத்தடியில கட்டில் போட்டு உக்காந்திருந்தாரு. இளைச்சுப் போயிருந்தாரு. என்னைப் பாத்தாரு. வான்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. நேரா போருகிட்டப் போயி முக்காலியை நிறுத்தினேன், கப்பியில கயித்தைப் போட்டேன். அண்ணி சமையக்கட்டு வாசப்படியில வந்து நின்னுச்சு, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு.

கொஞ்ச நேரங்கழிச்சு அண்ணன் எந்திரிச்சு வந்தாரு. கயித்தைப் பாத்தாரு.

"பத்துமா?"ன்னாரு.

"பத்தும்"னேன்.

பத்து வருசத்துக்கு அப்பறம் அதுதான் பேச்சு.

நானும் பட்டறை ஆளும் இழுக்க இழுக்க பைப்பு ஏறுது. அண்ணன் பாத்துட்டே நின்னாரு. அவருக்குச் சும்மா நிக்க வராதுங்க, அப்பவே அப்பிடித்தான். சட்டையைக் கழட்டி மரத்துல போட்டுட்டு வந்து எனக்குப் பின்னால கயித்தைப் புடிச்சாரு. பாரம் கொறையுதேன்னு நான் திரும்பிப் பாத்தேன்.

நெஞ்சுல ஒரு கோடுங்க அம்மணி. தொண்டைக்குழிக்குக் கீழயிருந்து வயிறு வரைக்கும். தச்ச கோடு. முடியெல்லாம் நரைச்சுப் போன நெஞ்சுல, அந்தக் கோட்டுல மட்டும் முடி இல்லை.

"கையை எடுங்கண்ணா"ன்னேன்.

"எனக்கொண்ணும் இல்லை, இழு."

"கையை எடுங்கன்னு சொல்றனில்ல." சத்தம் போட்டுட்டேன். பட்டறை ஆளு பயந்து போயி கயித்தைக் கல்லுல சுத்திக் கட்டிட்டாரு. மோட்டார் பாதி போர்ல தொங்குது.

"எப்ப?"ன்னேன்.

"போன தைக்கு முந்துன தை."

"ஏன் எனக்குச் சொல்லலை?"

அவரு துண்டை எடுத்து நெஞ்சை மூடிக்கிட்டாரு. "நீ வந்திருப்பியா?"ன்னாரு.

என்ன கேள்விங்க அது? ஒரு அண்ணன் கேக்கற கேள்வியா? வராம இருந்திருப்பனா நான்? சொல்லியிருந்தா வந்திருப்பேன். சொன்னவங்க ஆராச்சும் உண்டா? பேரை எடுத்தாத்தானே நான் எந்திரிக்கப் போறேன், ஆஸ்பத்திரின்னு எடுத்திருந்தா... தெரியலீங்க. அதை உடுங்க.

மோட்டாரை ஏத்தி, புதுசை எறக்கற வரைக்கும் அவரைக் கட்டில்ல உக்காத்தி வெச்சேன். எந்திரிக்க உடலை. உக்காந்த எடத்துல இருந்து அவரு மொதமொதல்ல பேசுனாரு. "வாளி போதும்னு சொன்னியே சென்னி, நிச்சயத்துல."

"அது வெளையாட்டுக்குங்கண்ணா."

"எனக்குத் தெரியுது. சம்பந்தி ஊட்டுல இன்னைக்கும் என்னை வாளி மாமான்னுதான் கூப்புடறாங்க. பேரன் கூட வாளி தாத்தாங்கறான்."

எனக்கு அது தெரியாதுங்க. நெசமாலுமே தெரியாது. "நல்ல பேருதானுங்கண்ணா, ஞாவகத்துல நிக்கும்"னேன். அவரு என்னையே பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு நிச்சயத்துல சிரிச்ச சிரிப்பு மாதிரி இல்லீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அண்ணி மோரு கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன். தண்ணி வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டு வந்தேன்.

இப்பக் கேளுங்க, ஏமாத்துனது எங்கன்னு.

ஊட்டுக்கு வந்து, "துளசிமணி, அண்ணனுக்கு நெஞ்சுல ஆபரேசனாமா"ன்னேன். அவ கீரை ஆஞ்சுட்டிருந்தா. நிமுந்து கூடப் பாக்கலை.

"தெரியுமுங்க"ன்னா.

"எப்பிடித் தெரியும்?"

"நாலு நாளு ஆஸ்பத்திரியில நாந்தானுங்க கூட இருந்தேன். உங்க அண்ணிக்குத் தனியா முடியலை."

"எங்கிட்ட என்னன்னு சொல்லிட்டுப் போனே?"

"ஈரோட்டுல சித்தி பேத்திக்குச் சீருன்னேன். சீருக்கு ஆராச்சும் நாலு நாள் போவாங்களா? நீங்க கேக்கலை, நானும் சொல்லலை."

"திருமூர்த்திக்குத் தெரியுமா?"ன்னேன். "அவந்தானுங்க கார் ஓட்டிட்டு வந்தான்"னா. கீரையை ஆஞ்சுட்டே சொல்றா.

பாத்தீங்களா? என்ற முதுகுக்குப் பின்னால கையாட்டி அநாகதத்துல அடைப்புன்னானே, அது சக்கரம் பாத்துச் சொன்னதா? அக்காளும் தம்பியும் கூடி வெச்சுச் சொன்னது. எல்லாந் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு என்னை மேல ஏத்தி உக்கார வெச்சிருக்கறாங்க. நான் அன்னைக்கே மாடியேறிக் கேட்டேன். "ஏண்டா, இது மோசடி இல்லையா"ன்னு. அவன் அந்தச் சிரிப்பைச் சிரிச்சுட்டு, "மாமா, உங்கண்ணனைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசுனனுங்களா? பச்சை நினைங்கன்னேன். எல்லாத்துக்கும் அதையேதானுங்க சொல்றேன்"ங்கறான். பேச்சுல கெட்டிக்காரன்.

இதனாலதான் வர்றவங்களுக்கெல்லாம் சொல்றேன், சக்கரமெல்லாம் ஒண்ணுமில்லை, நல்ல டாக்டராப் பாருங்கன்னு. எனக்கு வயித்தெரிச்சல் இப்பச் சுத்தமா இல்லீங்க. எல்லாம் அந்தக் கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை. என்ன மாத்திரைங்கறீங்க! போடறதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு, இன்னும் வேலை செய்யுது.

தோப்புக்கு அப்பப்பப் போறேன். புது மோட்டாரு, வாரம் ஒருக்கா பாக்கோணுமில்லீங்க. எல்லாக் கஸ்டமருக்கும் போவனான்னு துளசிமணி கேட்டா. அண்ணன் போரு ஆழம் எச்சு, அதனாலன்னேன். அவளும் ஒரு தூக்குப்போசியில கொழம்பை ஊத்திக் குடுத்தனுப்பறா, மோட்டார் பாக்கப் போறவங்கிட்ட.

ஒரு நிமிசம் இருங்க, போனு அடிக்குது. அண்ணன்தான்.

சொல்லுங்கண்ணா. ஓடுதுங்களா? சத்தம் கித்தம் வருதா? தண்ணி கொறைஞ்சிருக்குதா? இல்லையா. வோல்டேஜ்? அதும் செரியா இருக்குதா. அப்பறம் என்ன? ஓ. சும்மாவா.

அம்மணி, சும்மா கூப்பிட்டாராமா. இவரு இப்பிடித்தான், நாலு நாளைக்கு ஒருக்கா, மோட்டாருல ஒரு கொறையும் இல்லாம கூப்புடறாரு. மேல மணி அடிச்சுட்டான் பாருங்க, படியும் காஞ்சிருச்சு. போறதுன்னா போங்க, நான் சொல்றதைச் சொல்லிட்டேன். செருப்பைக் கீழயே உட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்.

இருக்கறனுங்கண்ணா. இல்லீங்க, வேலையெல்லாம் இல்லை. கடையில ஆருமில்லை. பேசுங்க.